கையொப்பமும் காணி உறுதியும்

கொழும்பு–புத்தளம் வீதியோரத்து மதுரங்குளியில் ஒரு பெண் இன்று மென்பொருள் நிறுவனம் தொடங்க நினைத்தால், ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் குடும்பம் உள்ளே வருகிறது. ஈடு வைக்கக் காணி உறுதி வேண்டும். அது யார் பெயரில் இருக்கிறது? யார் கையொப்பம் இட வேண்டும்?

இந்தக் கேள்விகள் கணினிக்கு முந்தியவை. இலங்கையில் 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் மனைவி தன் சொத்தைத் தானே ஆள வழிவிட்டது. ஆனால் கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை ஆகியவற்றுக்கு உட்பட்டவர்களை அது தொடவில்லை. தேசவழமையின்படி மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் அவள் சொத்து அவளுடையதே. எனினும் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்கள் காணிகளை விட்டுவிட்டே வந்தன. உரிமை இருந்தது, ஈடு வைக்க எதுவும் கையில் இல்லை.

பிரித்தானியாவிலும் தொடக்கம் இப்படித்தான். 1962இல் ஸ்டெஃபனி ஷெர்லி 6 பவுண் முதலுடன் வீட்டிலிருந்தே மென்பொருள் நிறுவனம் தொடங்கியபோது, வங்கிக் கணக்குத் திறக்கவும் கணவரின் அனுமதி தேவைப்பட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். பெண்ணின் பெயரைக் கண்டதும் வணிகக் கடிதங்களுக்குப் பதில் வராமல் போனது. 'ஸ்டீவ்' என்று கையொப்பமிடச் சொன்னவர் கணவர். பெயரை மறைக்க நேர்ந்தது வேதனையே. ஆனால் கதவு திறந்தது. முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டிருந்த பெண்கள் வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதினார்கள். குடும்பம் தர மறுத்த நேரத்தை நிறுவனமே வேலை முறையாக மாற்றிக்கொடுத்தது. இதுவே அந்த நிறுவனத்தின் பெரிய கண்டுபிடிப்பு எனலாம்.

இந்தியாவில் கிரண் மஜும்தார் ஷாவின் கதை வேறு வகை. மதுவடிப்பு ஆண்களின் தொழிலாக இருந்த காலத்தில், அத்துறையில் தலைமை வல்லுநராக இருந்த தந்தை ரசேந்திர மஜும்தார் மகளை அதைப் படிக்கத் தூண்டினார். ஆஸ்திரேலியாவில் பட்டயம் பெற்று வந்தும் மகளுக்கு அத்துறையில் தலைமை வல்லுநர் வேலை கிடைக்கவில்லை. 1978இல் பெங்களூரில் வாடகை வீட்டின் வாகனக் கொட்டகையில், 10,000 ரூபாயுடன் அவருடைய உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பயோகான் பிறந்தது. கடன் கேட்ட இடங்களில் தயக்கம். பெண், இளையவர், தொழிலும் புதிது. இருபது ஆண்டுகள் கழித்து யுனிலீவரிடம் இருந்த பங்குகளை மீட்க வேண்டியபோது, கணவர் ஜோன் ஷா லண்டனில் இருந்த தன் வீட்டை விற்றுப் பணம் திரட்டினார். அனுமதி தருவது ஒன்று, தன் சொத்தையே பணயம் வைப்பது வேறு. ஆதரவை அளக்க இந்த வேறுபாடே நல்ல அளவுகோல்.

குடும்பமே பங்காளியான கதையும் உண்டு. 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் என்ற மென்பொருள் நிறுவனம், இன்றைய ஜோஹோ, உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வளர்த்தது. அவர்களில் ஒருவரான ராதா வேம்பு அங்கே மின்னஞ்சல் சேவையை உருவாக்கி நடத்தினார். பங்குடைமையும் அவர் பெயரில் இருக்கிறது. மகளுக்குச் சம்பளம் மட்டும் தந்து பங்கைத் தராத குடும்ப நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இலங்கையில் 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. பின்னர் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுபோயின. ஆயினும் இந்நாட்டில் வேலைப்படையில் உள்ள பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. இனி மதுரங்குளியில் கேட்க வேண்டியவை இரண்டு: மாலையில் வெளிநாட்டு வாடிக்கையாளருடன் அவள் பேசும்போது அடுப்படியில் நிற்பவர் யார்? காணி உறுதிக்குப் பதிலாக அவள் கையிலுள்ள வேலை ஒப்பந்தத்தை வங்கி ஏற்குமா?