அரைப்பேர்

பதுளைப் பகுதித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் 'பேர்' என்று பெயர். நாள் முழுதும் உழைத்தவளுக்கு ஒரு பேர் விழும். குறித்த அளவு கொழுந்து தராசில் ஏறாவிட்டால் அரைப்பேர். அன்று றாத்தல், இன்று கிலோ, கணக்கு ஒன்றுதான். அவளுடைய விரல் ஏன் பிந்தியது, ஈரச் சரிவில் கால் ஏன் தவறியது, கூடை ஏன் கவிழ்ந்தது என்று எழுதுவதற்குச் செக்ரோல் புத்தகத்தில் இடமில்லை. இடம் விடப்படாத அந்தக் காரணத்தைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

கை தடுமாறுகிறவனை வைவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. 'கையாலாகாதவன்' என்போம், 'மண்டு' என்போம். துரைமார் இத்தனை சொற்களைத் தேடவில்லை. 'சோம்பேறி' என்ற ஒரே சொல் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் உடன்வந்தோரைப் பறிகொடுத்து, அதன்பின் ஊவா மலைகளில் ஏறியவர்களின் வழிவந்தோரைப் பார்த்துச் சொன்ன சொல் அது! பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924 இல்தான் என்பதை நினைவிற் கொண்டால், அந்த நடையின் தூரம் விளங்கும்.

சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று 1872 இலும் 1912 இலும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. ஆனால் காய்ச்சலும் பேதியும் கண்டு படுக்கையில் விழுந்தவனே நோயாளி. நின்றுகொண்டே தளர்பவன், நடந்துகொண்டே தடுமாறுபவன் நோயாளியல்லன், அவன் அரைப்பேர்க்காரன். அவன் தானாக மருந்துக்குப் போகலாமே என்று கேட்கக்கூடும். மருந்துக்குப் போகும் நாள் பேர் விழாத நாள் என்பதை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது.

இந்தச் சோம்பலுக்குள் ஒரு புழு இருக்கிறது என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்நாட்டின் தென் மாநிலங்களில் ஏழை மக்களின் சோர்வுக்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று 1902 இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் என்பார் எடுத்துரைத்தார். பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பேறித்தனத்தின் கிருமி' என்று பெயர் சூட்டி நகைத்தன. எண்ணெய் முதலாளி ரொக்பெல்லரின் பணம் அந்த ஒழிப்பு வேலைக்குப் பாய்ந்தது. 1916 இல் இலங்கைக்கும் வந்து, மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று.

புழுவின் வழியைப் பாருங்கள். ஈர மண்ணில் கிடக்கும் மலத்திலிருந்து வெளிப்படும் நுண்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. இரத்த ஓட்டத்தோடு நுரையீரல் சென்று, தொண்டை வழியாகக் குடலில் இறங்கிக் கௌவிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இரத்தம் குன்றியவனுக்கு மூச்சு வாங்கும், தலை சுற்றும், கால் கனக்கும். செருப்பில்லாத கால், மலசலகூடமில்லாத லயம், மழை பொழியும் மலை: இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் இப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்?

மருந்தென்று கொடுத்தது கீனோபோடியம் எண்ணெய். கூடவே பேதி மருந்து. அளவு மீறினால் நஞ்சாகும் எண்ணெய் அது. தொழிலாளர் அஞ்சினர் என்றால், அதை அறியாமை என்று எழுதிவைப்பது எளிது. நாம் அவ்வாறு எழுதமாட்டோம். விசை மிக்க உழைப்பாளி கிடைப்பான் என்று கேட்டபோது துரைமார் புழுவின்மேல் அக்கறை கொண்டார்கள்; லயந்தோறும் மலசலகூடம் கட்டுங்கள் என்றபோது செலவுக் கணக்குப் பார்த்தார்கள். குடலிலிருந்து வெளியேறிய புழு, மண்வழியே மீண்டும் காலில் ஏறிற்று.

எனினும், எல்லாத் தடுமாற்றமும் இரத்தக் குறைவினால் வருவதன்று. வயிறார உண்டு நல்ல இரத்தம் உள்ள பிள்ளைகளிலும் சிலருக்குப் பொத்தான் மாட்ட வராது, பந்து பிடிக்க வராது, எழுத்துக் கோட்டில் நில்லாது. 1937 இலேயே அமெரிக்க மருத்துவர் ஒர்ட்டன் இதைக் குறித்தார். 1962 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை இத்தகைய குழந்தைகளைப் பற்றித் தலையங்கமே தீட்டிற்று. 1987 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது உண்டு என்று இன்று கணிக்கிறார்கள். இதற்கு மாத்திரை இல்லை. ஆனால் ஒரு செயலைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்துப் பழக்கினால் கை படியும்.

அப்படியானால் மருத்துவரிடம் போவதா, வேண்டாமா? பசறையிலோ தெமோதரையிலோ ஒரு தாய் இதைக் கேட்டால், பதில் ஒன்றாக இராது. சிறுவயது முதல் ஒரே அளவில் இருக்கும் தடுமாற்றத்திற்கு அவசரமில்லை. ஆனாலும் அதைக் காட்டி வழி கேட்பதில் நன்மை உண்டு. நன்றாயிருந்த கை திடீரெனத் தவறினாலும், ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் பேரைப் பாராமல் அன்றே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முகம் வெளுத்து மூச்சு வாங்கினால், இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லவேண்டும். அது சிறிய சோதனை.

தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் ஏற்கத் தொடங்கியபின், இப்பிள்ளைகளை முதலிற் காண்பவர் கங்காணியல்லர், ஆசிரியர். கோணல் எழுத்துக்காக எழுந்து நிற்கவைக்கப்பட்ட பிள்ளையின் பெயருக்கு எதிரே 'கவனமில்லை' என்று எழுத அவருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் காரணம் எழுத இடம் உண்டா என்று, இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் நாளைக் காலை திறந்து பார்க்கட்டும்.