கிணறு தனி, நீர் பொது

உலகின் பழம்பெரும் நாகரிகங்களை ஆறுகள் வளர்த்தன என வரலாற்று நூல்கள் கூறும். நைலும் சிந்துவும் காவிரியும் அதற்குச் சான்றாவன. ஆயினும், வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத சிறு நிலத்தில் பல நூற்றாண்டுகளாக நெருங்கி வாழ்ந்து, தோட்டஞ் செய்து, கல்வியிலும் பெயர் பெற்ற மக்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களாகிய நாம். எமது ஆறு நிலத்தின்மேல் ஓடவில்லை, காலடியிற் கிடக்கிறது. அதன் வரலாற்றை எழுதப் புகுவோன் அரசர் பெயர்களைத் தேடவேண்டியதில்லை. கிணற்றங்கட்டில் நின்று பார்த்தாற் போதும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை செம்மண்ணினூடு இறங்கி, வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிற் சேர்கிறது. அக்கல்லின் அடியிற் கடல்நீர் புகுந்திருக்கிறது. நன்னீர் பாரங் குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கண்ட பொதுவிதி. மேலே ஓரடியை அளவின்றி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறு இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்று. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எனப் பிரித்து அறியப்படும் நீர்ப்படைகள் ஒவ்வொன்றினுள்ளும் நீர் கல்வெடிப்பு வழியே பரவுகிறது. எவருடைய காணி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது.

நிலத்தின் மேலோ வேறொரு நியதி நிலவியது. எமது சமூகம் வேலிகளின் சமூகம். காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் நுணுக்கமாக எழுதப்பட்டன; அப்பங்குகளுக்காக நீதிமன்றப் படிகள் தேய்ந்தன. இவ்வாறு பங்கு பிரித்தவர்கள் ஒரு பகுதி மக்களுக்குப் பங்கே இல்லை என்றும் விதித்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றைத் தொடுதல் ஆகாது. வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்து நின்றனர். 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற் கதவுகளுக்கு முன் போராட்டம் எழுந்தது. ஆனால் கிணறுகளிற் பெரும்பாலானவை தனியார் வேலிகளுக்குள்ளேயே கிடந்தன. எழுத்தாளர் கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை காரணமின்றி அன்று.

தீட்டு என்று மேலே மனிதரைத் தடுத்தவர்கள், கீழே தம் கிணற்று நீரும் அவர் குடிசைக்கடியில் நின்ற நீரும் ஒன்றே என்பதை அறியவில்லை. இதனினும் கொடிய நகை வரலாற்றில் வேறெது?

கழிவின் கதையும் இதனோடு பிணைந்ததே. நகரங்களில் வாளி மலகூடங்கள் இருந்த காலத்தில், பிறர் மலத்தைச் சுமக்கும் தொழில் ஒரு பிரிவினரின் தலையில் ஏற்றப்பட்டது. அவ்விழிவு ஒழிந்து, நீரடைப்பு மலகூடங்களும் குழிகளும் வந்தமை மனித மாண்புக்குக் கிடைத்த வெற்றியே. பழையதை எண்ணி ஏங்குவார் எம்மோடு உடன்படார். ஆனால் மனிதன் சுமந்த சுமையை நாம் நிலத்தின்மீது இறக்கிவிட்டு, அது தீர்ந்தது என நம்பினோம். இரண்டு பரப்புக் காணியில் ஒரு மூலையிற் கிணறு, மறு மூலையிற் குழி. வேலிக்கு அப்பாலும் அவ்வாறே. எமது கிணற்றை எமது குழியிலிருந்து விலக்கித் தோண்டிய நாம், அயலவர் கிணற்றை எண்ணிப் பார்த்தோமா?

தோட்டமும் தன் பங்கைச் செலுத்திற்று. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே நீருக்கு அளவுகோலாயிருந்தது. குழையும் சாணமும் பசளையாயின. 1950களிலிருந்து நீரிறைக்கும் யந்திரம் பரவியது. 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. செயற்கைப் பசளை மூட்டை மூட்டையாக இறங்கியது. விவசாயியைக் குறைகூறல் எமது நோக்கமன்று. அவனுக்குச் சந்தை விலையைச் சொன்னார்கள். பயிர் உண்ணாத பசளை எங்கே போகிறது என்பதைச் சொன்னார் சிலரே. 1980களில் எமது கிணறுகளை ஆராய்ந்தோர், பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதைக் கண்டனர்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றுக் கைக்குழந்தையின் குருதியைத் தாக்கி உடலை நீலம் பாரிக்கச் செய்யும் என்பதை அமெரிக்க மருத்துவர் கொம்லி 1945இல் எழுதினார். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டால் துன்பம் தீராதோ எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. விடுதிகளும் மருத்துவமனைகளும் பெருகும் இந்நாளில் அதற்கு விடை தேடல் அவசியம். சாதாரண சுத்திகரிப்பு திண்மக் கழிவையும் நாற்றத்தையும் கிருமிகளிற் பெரும்பகுதியையும் அகற்றும். நைதரசனை நீக்கவெனத் தனிப்பட அமைக்கப்படாத நிலையத்தில் அதன் பெரும்பகுதி நீரோடு வெளியேறி, மண்ணினூடு நைத்திரேற்றாக இறங்கும். அமெரிக்காவின் புளோரிடாவும் எம்மைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலமே. அங்கே தலகாசி நகரம் சுத்திகரித்த கழிவுநீரை வயல்களிற் பாய்ச்சி வந்தது. பல மைல் தெற்கே உள்ள வக்குல்லா ஊற்றில் நைத்திரேற்று ஏறியது, களை மண்டியது. 2006–2007இல் நிலத்தினுள் சாயமிட்டுப் பார்த்தபோது, அச்சாயம் சில கிழமைகளில் ஊற்றில் வந்து சேர்ந்தது. அதன்பின் நைதரசனை நீக்கும் உயர்ந்த முறைக்கு நகரம் மாறிற்று. சுத்தம் என்ற சொல் கண்ணுக்கா, நிலத்துக்கா என்று கேட்கக் கற்றுத் தந்தது அவ்வூற்று.

எமது மண்ணிலோ பாடம் இன்னும் கசப்பாக வந்தது. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. வாளியில் அள்ளிய நீரைக் கீழே ஊற்றிவிட்டுப் பவுசருக்காகக் காத்து நிற்கும் நிலை வந்தது. 2015இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்பிரல் 4ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு, நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் எனக் கட்டளையிட்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமை தவறியதையும் சுட்டிற்று. ஒரு வளவில் ஊற்றியது ஊரின் கிணறுகளுக்குச் செல்லும் என்பதை, எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததாற் கண்டோம். கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றுக்காக எவர் வீதிக்கு இறங்குவார்?

இரணைமடு நீரைக் கொணரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலை எண்ணி எதிர்த்தனர். பின்னர் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய்நீர் வருவது நன்மையே. எனினும் வீட்டுக்குள் வந்த நீர் கழிவாக வெளியே போகவேண்டுமன்றோ? நகர் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லாத இடத்தில், வரும் நீர் கூடக்கூடக் குழியில் இறங்கும் நீரும் கூடும். பணமுள்ளோர் போத்தல் நீர் வாங்குவர். இல்லாதோர் கிணற்றையே நம்புவர். அன்று குடத்தோடு காத்து நின்றோரின் பேரப்பிள்ளைகள் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க நேருமாயின், நாம் எதைத் திருத்தினோம்?

அடிமூடிய மலத்தொட்டிகள், நைதரசனையும் நீக்கும் பொதுச் சுத்திகரிப்பு, அளவறிந்த பசளை, ஆண்டுதோறும் கிணறுகளைச் சோதித்து முடிவுகளை ஊர்தோறும் வெளியிடும் முறை ஆகியவை எட்டாக் கனிகளல்ல. இவற்றை அரசிடமும் உள்ளூராட்சி மன்றங்களிடமும் கேட்கும் உரிமை எமக்குண்டு. தனித்தனியாகக் கேட்டால் வேலிச் சண்டையாகவே அது முடியும்.

ஆசிரிய நண்பர்கள் ஒன்று செய்யலாம். மாணவரைக் கொண்டு ஊரின் வரைபடம் ஒன்றை வரையச் செய்யுங்கள். கிணறுகளைக் குறிக்கட்டும், குழிகளையும் குறிக்கட்டும். வேலிகளை மட்டும் வரைய வேண்டாம். கிணறு தனி, நீர் பொது என்பதை அப்படத்தைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.