டாக்சி உரிமத் தகுதி (இங்கிலாந்து)

லண்டன் முதலிய சில இடங்கள் நீங்கலாக, இங்கிலாந்தில் டாக்சி ஓட்ட மனுச் செய்பவர் தகுதியும் யோக்கியதையும் உடையவரென்று உள்ளாட்சி மன்றம் திருப்தியுற்றாலன்றி உரிமம் அளிக்கலாகாதென்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அதை நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. சிறு வேகமீறல் ஒன்று தடையாவதில்லை. ஆயினும் மதுவருந்தி ஓட்டியவர், தண்டனையும் வண்டியோட்டத் தடையும் முடிந்தபின் 7 ஆண்டுகளும், கைபேசியைக் கையிலேந்தி ஓட்டியவர் 5 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டுமென 2020ஆம் ஆண்டின் அரசாங்க நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன. இவை மன்றத்தின் விவேகத்துக்கு வழிகாட்டிகளேயன்றி விலங்குகளல்ல. ஜீவனம் போய்விடுமே என்ற முறையீடு பொதுவாக இங்கே செல்லாது. கடுமையெனத் தோன்றினும் இது நியாயமே, ஏனெனில் நள்ளிரவில் ரயில் நிலைய வாசலில் முன்பின் அறியாதவர் வண்டியில் தனியே ஏறும் பெண்ணுக்கு அவரது பூர்வசரித்திரத்தை விசாரிக்க வழியேது? மறுக்கப்பட்டவர் 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.