நிறைமதியும் பனையோலையும்: சீன நிலாப் பணியாரமும் நாஞ்சில்நாட்டுக் கார்த்திகைக் கொழுக்கட்டையும்

ஆய்வுச்சுருக்கம்

சீனரின் நடு இலையுதிர்கால விழாவில் நிலாப் பணியாரத்தைக் கொடுத்து உண்ணும் வழக்கம் எழுத்துச் சான்றுகளின் வழி அறியப்படுகிறது. நிறைமதி, விளக்கு, இனிப்பு ஆகிய மூன்றும் கூடும் நாஞ்சில்நாட்டுத் திருக்கார்த்திகையிலோ, பழம்பாடல்கள் விளக்கைப் பாடின, கொழுக்கட்டையைப் பாடவில்லை. அப்பண்டத்தின் வரலாற்றை அதன் மூலப்பொருள்களிலிருந்து மீட்டுருவாக்கலாம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: திருக்கார்த்திகை, ஓலைக்கொழுக்கட்டை, நாஞ்சில்நாடு, பனை, நிலாப் பணியாரம்

முன்னுரை

சீன நாட்காட்டியின் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாளன்று, முழுநிலவின் கீழ்க் குடும்பத்தார் கூடி நிலாப் பணியாரம் உண்கின்றனர், சுற்றத்தாருக்கும் வழங்குகின்றனர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இதனை ‘மூன்கேக்’ என்ற பெயரால் நன்கறிவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு நெருங்கிய ஒப்புமையாக அமைவது கார்த்திகை மாத நிறைமதியை ஒட்டி அவிக்கப்படும் ஓலைக்கொழுக்கட்டை ஆகும். இவ்விரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்றன் வரலாறு எழுத்தில் நிற்க, மற்றொன்றன் வரலாறு ஏன் எழுத்தில் இடம்பெறவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சீனச் சான்றுகள்

தென்சோங் அரசின் தலைநகரான ஹாங்சௌ நகர வாழ்வை 13ஆம் நூற்றாண்டில் பதிவுசெய்த சௌ மி, அங்காடியில் விற்ற அவித்த பண்டங்களின் வரிசையில் நிலாப் பணியாரத்தைக் குறிப்பிடுகிறார். அங்கு அது அன்றாட விற்பனைப் பண்டமாகவே தோன்றுகிறது. மிங் அரசர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியன் ருசெங், எட்டாம் மாத நிறைமதி நாளில் மக்கள் ஒருவருக்கொருவர் நிலாப் பணியாரம் வழங்கினர் என்றும், அது குடும்ப ஒன்றுகூடலைக் குறித்தது என்றும் எழுதுகிறார். மங்கோலியருக்கு எதிரான கிளர்ச்சிச் செய்தி பணியாரத்துள் மறைத்து அனுப்பப்பட்டது என்னும் கதை பெரிதும் பரவியிருப்பினும், அது தொன்மமாகவே கொள்ளத்தக்கது. அங்காடிப் பண்டம் விழாக் கொடையாக மாறிய படிநிலையை மேற்கண்ட இரு பதிவுகளும் காட்டுகின்றன.

தமிழ்ச் சான்றுகள்: விளக்கும் உணவும்

அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர், முயற்கறை விளங்கும் முழுமதி ஆறு மீன்களாகிய கார்த்திகையைச் சேரும் நள்ளிரவில் தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தூக்கிய விழவைப் பாடுகிறார். சீனர் தம் நிலவில் உலக்கை கொண்டு மருந்திடிக்கும் முயலைக் கண்டனர். நக்கீரர் பாடலிலும் உலக்கை ஒலிக்கிறது. புதுமணப் பெண்ணின் மனையில் பாலுலை ஏற்றப்பட, இளமகளிர் பச்சை அவல் இடிக்கின்றனர். எனினும் அக்காட்சி சோழரின் இடையாற்று வருணனையுள் அமைந்தது. அதனைக் கார்த்திகை விழவின் உணவாகக் கொள்வதற்குப் பாடலில் இடமில்லை.

கார் நாற்பதும் களவழி நாற்பதும் கார்த்திகையை விளக்கின் உவமையாகவே கையாளுகின்றன. திருஞானசம்பந்தரின் மயிலைப் பூம்பாவைப் பதிகம் இவ்வகையில் தெளிவான சான்றாகும். தைப்பூசத்தைப் பாடும்போது நெய்யொழுகும் சோற்றைச் சுட்டும் அப்பதிகம், கார்த்திகை நாளுக்கு மகளிர் கொண்டாடும் விளக்கீட்டை மட்டுமே சுட்டுகிறது. பூரணம் வைத்த மோதகமும் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியின் இரவு அங்காடியில் அது விற்கப்படுகிறது. ஆகவே விளக்கு தெருவிலும் மோதகம் அங்காடியிலும் புலவரின் கண்ணுக்குப் பட்டன. வீட்டடுப்பில் வெந்த விழாப் பண்டம் இப்பாடல்களுக்கு வெளியே நின்றது.

பருவமும் மூலப்பொருள்களும்

நிறைமதி இனிப்பை அறுவடை விழாவோடு இணைத்துக் காண்பது சீன விழாவுக்குப் பொருந்தும், நாஞ்சில்நாட்டுக்குப் பொருந்தாது. இங்குக் கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசி மாதங்களில் முடிந்துவிடும். கும்பப்பூ மாசியில்தான் அறுவடையாகும். திருக்கார்த்திகையின்போது கும்பப்பூப் பயிர் வயலில் பசுமையாக நிற்கும். எனவே கொழுக்கட்டையின் மாவு சேமித்த நெல்லிலிருந்து வந்தது. கோடையை ஒட்டி இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியும் சேமிப்புப் பொருளே. தேங்காய் ஆண்டு முழுவதும் கிடைப்பது. நாளறிந்து தேடவேண்டியது பனங்குருத்தோலை ஒன்றே.

பச்சரிசி மாவை வறுத்துச் சலித்து, கருப்பட்டி, தேங்காய்த்துருவல், வறுத்த சிறுபயறு, ஏலம், சுக்கு ஆகியவற்றுடன் பிசைந்து, நறுக்கிய குருத்தோலையின் மடிப்பில் அடைத்து, ஓலைநாரால் கட்டி ஆவியில் வேகவைப்பர். ஓலை இங்கு அச்சு, கலம், மணம், பொதி என நால்வகையில் பயன்படுகிறது. ஏனைய தமிழ்ப் பகுதிகளில் கார்த்திகைக்குப் பொரியுருண்டை சிறப்பிடம் பெற, குமரி மாவட்டத்தில் ஓலைக்கொழுக்கட்டை சிறந்து நிற்பதற்குப் பனைவளம் காரணமாகலாம். அதே இரவில் கோயில்முன் கொளுத்தப்படும் சொக்கப்பனையும் அம்மரத்தின் கொடையே.

கொடையின் எல்லைகள்

கொழுக்கட்டை வீட்டுக்கு வீடு கொடுக்கப்படுவதற்கு முன்னரே அதனுள் ஒரு பரிமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. வயல் நெல்லும் பனைநிலத்துக் கருப்பட்டியும் ஓலையும் ஒன்றுசேர்ந்தாலன்றி அது உருப்பெறாது. ஆனால் இவ்விரு நிலத்தாரும் ஒப்ப மதிக்கப்படவில்லை. கி.பி. 849ஐச் சேர்ந்த வேணாட்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு ஏணிக்காணம் என்னும் வரியைக் குறிப்பிடுகிறது. மரமேறுவோரின் ஏணியும் வரிக்கு உட்பட்டதை அது காட்டுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணையும்வரை நாஞ்சில்நாடு சேர்ந்திருந்த திருவிதாங்கூர்ப் பகுதியில் தீண்டாமையும் தூரத்தீட்டும் நெடுங்காலம் நிலவின. பனையேறும் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் 1859ஆம் ஆண்டு அரசாணை வரை நீண்டது. கோயில் நுழைவு உரிமை 1936இல்தான் அறிவிக்கப்பட்டது. ஓலையும் கருப்பட்டியும் நுழைந்த வீட்டினுள் அவற்றைத் தந்தவர் நுழைய இயலாத காலம் அது. ஆகவே கொழுக்கட்டைக் கொடையைச் சமூக ஒருமைப்பாட்டின் அடையாளமாக மட்டும் புகழ்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

கொடைக்கு வேறு எல்லைகளும் இருந்தன. ஔவையார் நோன்பில் பெண்கள் நள்ளிரவில் அவிக்கும் உப்பற்ற கொழுக்கட்டையை ஆடவர் காண்பதும் உண்பதும் விலக்கப்பட்டுள்ளன. விடியுமுன் அதனைப் பெண்களே உண்டு முடிப்பர். ஒரே அரிசிமாவு ஒரு நாளில் பகிர்வுக்கும் மற்றொரு நாளில் மறைவுக்கும் உரியதாகிறது. பண்டத்தின் பொருளை அதன் செய்முறையினும் அதனை யாருக்குக் கொடுக்கலாம் என்னும் விதியே முடிவுசெய்கிறது.

முடிவுரை

நிலாப் பணியாரம் இன்று பெருந்தொழிலாகியுள்ளது. அதன் ஆடம்பரப் பொதிகளைக் கட்டுப்படுத்தச் சீன அரசு விதி வகுக்கும் நிலை ஏற்பட்டுள்ளது. ஓலைக்கொழுக்கட்டையின் சிக்கல் இதற்கு மறுதலையானது. பனைகளும் பனையேறுவோரும் அருகிவரும் சூழலில், பொதியாகிய ஓலையே கிடைப்பது அரிதாகிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் தேவை என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது மரத்தைக் காக்கக்கூடும்; ஓலை வெட்டும் கையறிவை அதனால் மட்டும் காக்க இயலாது. இலக்கியம் விளக்கைப் பாடியது; செப்பேடு ஏணியின் வரியை எழுதியது; இரண்டிற்கும் இடையே இப்பண்டத்தை நிலைநிறுத்தியவை பெண்களின் கைப்பழக்கமும் பனையேறுவோரின் உழைப்பும் ஆகும். இவ்விரு தரப்பாரின் வாய்மொழியைத் தொகுப்பது நாஞ்சில்நாட்டு உணவு வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும். எழுத்துச் சான்று பின்னரும் கிடைக்கலாம். இவர்களின் நினைவு அவ்வாறு காத்திராது.