எவ்வளவு அராவுவது? முன்பற்களை அழகாக்கும் மருத்துவத்தின் ஒரு நூற்றாண்டு

வெனீர், கேப், பாண்டிங், ப்ளீச்சிங் என்ற சொற்கள் இன்று சிறு நகரப் பல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில்கூட அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஒரே வரிசையில் எழுதப்பட்டிருப்பதால், இவையெல்லாம் ஒரே சிகிச்சையின் விலை கூடிய, குறைந்த வடிவங்கள் என்று நோயாளி எண்ணிவிடுகிறார். இவற்றை உண்மையில் பிரிப்பது வேறொரு அளவுகோல்: ஆரோக்கியமான பல்லில் எவ்வளவை இழக்கிறோம் என்பது. எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது. ஆகவே புன்னகையை அழகாக்கும் மருத்துவத்தின் வரலாற்றை, பல்லை எவ்வளவு அராவ வேண்டியிருந்தது என்ற கேள்வியின் வழியாகப் படிப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். அந்த இழப்பு எப்படிப் படிப்படியாகக் குறைந்தது, குறைந்த பிறகு ஏன் மீண்டும் கூடியது என்பதே இக்கட்டுரையின் பொருள். கிளிப் போட்டுப் பல்வரிசையைச் சீராக்கும் துறைக்குத் தனி வரலாறு உண்டு. அது இங்கே சேர்க்கப்படவில்லை.

பிடிப்புக்காக அராவிய காலம்

ஐரோப்பாவில் பல் மருத்துவம் தனித் தொழிலாவதற்கு முன்பு, முடிதிருத்துவோரே சிறு அறுவை சிகிச்சைகளையும் செய்துவந்தனர். பல்லை வெளுக்க அவர்கள் அரத்தால் மேற்பரப்பைத் தேய்த்து, நைட்ரிக் அமிலத்தைத் தடவினார்கள். பல் உடனே வெளுத்தது. சில ஆண்டுகளில் எனாமல் கரைந்து பல் சொத்தையானது.

நவீன காலத்தின் தொடக்கமாக டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்டைச் சொல்லலாம். அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் தனியாக, இடைநில்லாமல் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்குக்கு இவர் தாய்வழித் தாத்தா. பல்லின் மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டை அழுத்தி அச்செடுத்து, அந்தத் தகட்டின் மீதே பீங்கான் பொடியைக் குழைத்துச் சுட்டு, 1903இல் முழுப் பீங்கான் கேப் ஒன்றை அவர் அறிமுகப்படுத்தினார். தங்கமும் பாதரசக் கலவையும் பளிச்சென்று தெரிந்த வாய்களில், பல்லின் நிறத்திலேயே ஒரு பல் வந்தது பெரிய செய்தி.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அன்றைய சிமென்ட் பல்லையும் பீங்கானையும் ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைப்பதோடு சரி. கேப் கழன்று விழாமல் இருக்க, பல்லைச் சுற்றிலும் அராவி முளைக்குச்சி போல ஆக்கி, அதன்மேல் கேப்பை இறுக்கமாகச் செருக வேண்டியிருந்தது. பீங்கான் எளிதில் உடையும் என்பதால் அதைத் தடிமனாகச் செய்ய வேண்டும். அந்தத் தடிமனுக்கும் பல்லிலிருந்தே இடம் எடுக்க வேண்டும். முன்புறத்தில் மட்டும் கறை இருந்தாலும் பின்புறம், பக்கங்கள், நுனி என எல்லாமே போயின. ஒட்டும் பொருள் இல்லாத குறையைப் பல் தன் உடம்பைக் கொடுத்து ஈடுகட்டிய காலம் அது.

ஒரு படப்பிடிப்பு நேரப் பற்கள்

பல்லைத் தொடாமலே அழகாக்கலாம் என்று முதலில் காட்டியவர் பெவர்லி ஹில்ஸ் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ். 1930களின் ஹாலிவுட் படங்களில் முகத்தை அண்மையில் காட்டும் காட்சிகள் பெருகின. நடிகர்களின் பல் இடைவெளியும் உடைந்த நுனியும் திரையில் பெரிதாகத் தெரிந்தன. பிங்கஸ் பல்லின் முன்பக்கத்துக்கு மட்டுமான மெல்லிய தகடுகளைச் செய்து, பல்செட்டை ஒட்டும் பொடியால் ஒட்டினார். பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் திரையில் முழுப் பல்வரிசையோடு சிரித்தது இத்தகைய தகடுகளால்தான்.

அவற்றை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஆனாலும் பிற்கால வெனீரின் வடிவம் முழுவதும் அங்கே இருந்தது: மெல்லிய தகடு, முன்பக்கம் மட்டும், அராவாத பல். இல்லாதது பசை ஒன்றுதான். அதற்கு இன்னும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ரோச்செஸ்டரில் 30 விநாடி

1955இல் அமெரிக்கப் பல் ஆய்விதழ் ஒன்றில் மைக்கேல் போனகோர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் ஈஸ்ட்மன் பல் மருத்துவமனையில் பணியாற்றியவர். கப்பல், வாகனத் தொழில்களில் உலோகப் பரப்புக்குச் சாயம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைப் பதப்படுத்துவார்கள். அப்போது சாயம் நன்றாகப் பிடிக்கும். அதையே எனாமலில் செய்து பார்த்தால் என்ன என்பது அவருடைய கேள்வி. 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவி, அக்ரிலிக் பிசினை அதன்மேல் வைத்தார். பதப்படுத்தாத பல்லில் விரைவில் விழுந்துவிட்ட பிசின், பதப்படுத்திய பல்லில் நெடுநாள் ஒட்டியிருந்தது.

இன்று எந்தப் பல் மருத்துவமனை நாற்காலியிலும் இதைக் காணலாம். ஊசிக்குழாயிலிருந்து நீல நிற ஜெல்லை மருத்துவர் பல்லில் தடவுகிறார். அமிலத்தின் செறிவு இப்போது 37 விழுக்காடு அளவில் இருக்கிறது. சிறிது நேரத்தில் நீர் பீய்ச்சிக் கழுவி, காற்றால் உலர்த்துகிறார். அதுவரை பளபளப்பாக இருந்த எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெண்மையாகிறது. அந்த மங்கல் தெரியாவிட்டால் மருத்துவர் அடுத்த படிக்குப் போகமாட்டார். எனாமல் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப் பொருள். அமிலம் அதைச் சீரற்றுக் கரைப்பதால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. நீர்ம நிலையிலுள்ள பிசின் அவற்றுக்குள் இறங்கி, அங்கேயே இறுகி, ஆயிரக்கணக்கான நுண்வேர்களாகப் பற்றிக்கொள்கிறது. போகும் எனாமல் மைக்ரான் கணக்கில்தான்.

முன்பற்களை அழகாக்கும் மருத்துவத்தின் நூறாண்டில் எதை முதன்மைக் கண்டுபிடிப்பாகச் சொல்வது என்று கேட்டால், பீங்கானையோ ப்ளீச்சிங்கையோ சொல்லமாட்டேன். இந்த 30 விநாடியைத்தான் சொல்வேன். பல் சொத்தையைத் தடுப்பதும் நிரப்பிய பிசின் விழாமல் காப்பதுமே போனகோரின் அக்கறை. அழகு சிகிச்சைக்கு அடிப்படையாக ஒன்றைச் செய்துவிட்டதை அவர் அன்று எண்ணியிருக்கமாட்டார். பல் மருத்துவ உலகமும் இதை ஏற்றுக்கொள்ளப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

ஒட்டுவதற்கு ஏற்ற பிசினும் அப்போது இல்லை. அக்ரிலிக் இறுகும்போது மிகவும் சுருங்கும். ரஃபேல் போவன் உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ பிசின், நுண்ணிய சிலிக்கா துகள்களோடு சேர்ந்து அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. இன்று ஒரே அமர்வில் உடைந்த பல் நுனியைக் கட்டித் தரும் பாண்டிங் சிகிச்சை, போனகோரின் அமிலமும் போவனின் பிசினும் சேர்ந்து பிறந்த பிள்ளை.

பீங்கானையும் அரித்தபோது

1970களில் பிளாஸ்டிக் தகடுகளைப் பல்லில் ஒட்டும் முறை அமெரிக்காவில் பரவியது. பிசினுக்கும் பல்லுக்கும் இடையே பிடிப்பு நன்றாக இருந்தது. பிசினுக்கும் தகட்டுக்கும் இடையே பிடிப்பு இல்லை. தகடு விளிம்பில் பிரிந்தது, கறை ஏறியது. பிரான்சில் அலைன் ரோஷெட் 1975இலேயே உடைந்த முன்பல்லில் பீங்கான் துண்டைப் பிசினால் ஒட்டிக் காட்டியிருந்தார். அது அன்று பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

விடை 1983இல் வந்தது. ரிச்சர்ட் சைமன்சன், ஜான் கலாமியா இருவரும் பீங்கான் தகட்டின் உட்புறத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரித்தால், எனாமலைப்போலவே பீங்கானிலும் நுண்துளைகள் உண்டாகிப் பிசின் வலுவாகப் பிடிக்கிறது என்று அளந்து காட்டினர். அதே ஆண்டு ஹரல்ட் ஹார்ன் இந்த முறையில் பீங்கான் வெனீர் செய்யும் வழியை விளக்கினார். இப்போது இருபக்கமும் பிடிப்பு கிடைத்தது. தனியாக எடுத்தால் விரலிடுக்கில் நொறுங்கும் 0.5 மில்லிமீட்டர் பீங்கான், எனாமலோடு ஒட்டியபின் பல்லின் பகுதியாகவே நின்று கடியைத் தாங்கியது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: ஒட்டப்படும் இடம் எனாமலாக இருக்க வேண்டும். முன்பல்லின் முன்பக்க எனாமல் நுனியருகே சுமார் 1 மில்லிமீட்டரும், ஈறருகே அதில் பாதிக்கும் குறைவாகவும்தான் இருக்கும். கொஞ்சம் ஆழமாக அராவினாலும் அடியிலுள்ள டென்டின் வெளிப்படும். அங்கே ஒட்டு நாளடைவில் தளர்கிறது. பெரும்பகுதி எனாமல் மீதமிருந்த பற்களில் ஒட்டிய வெனீர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் 10 ஆண்டுகள் நிலைத்திருப்பதாக நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. முதலில் மெழுகில் இறுதி வடிவத்தைச் செய்து, அதைப் பிசினால் வாயில் வைத்துப் பார்த்து, அந்த மாதிரியின் மேலேயே அளந்து அராவும் முறை பின்னர் வந்தது. சில பற்களில் துளியும் அராவத் தேவையில்லை என்பது அப்போதுதான் தெளிவாகிறது.

கொலராடோவும் தருமபுரியும்

நிறத்தை மாற்றும் சிகிச்சையின் பாதை வேறு திசையிலிருந்து வருகிறது. அது நம் ஊரையும் தொடுகிறது. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்த பல் மருத்துவர் ஃப்ரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கு முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் இருப்பதைக் கண்டார். காரணம் தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடு என்பதை 1931இல் வேதியியலாளர் சர்ச்சில் கண்டறிந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அதே நகரின் மருத்துவர் வால்டர் கேன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அந்தக் கறையைப் போக்க முயன்று வெற்றி கண்டிருந்தார். அந்த முறை 1980களில் திருத்தம் பெற்றது: அமிலத்தை நுரைக்கல் பொடியோடு குழைத்துத் தேய்த்தால், எனாமலின் மேலடுக்கில் 0.2 மில்லிமீட்டருக்குள்ளாகவே கறை நீங்குகிறது.

ப்ளீச்சிங் தற்செயலாகக் கிடைத்தது. 1960களின் இறுதியில் ஆர்கன்சாவில் பல்வரிசை மருத்துவர் ஒருவர் ஈறு வீக்கத்துக்காகக் கார்பமைடு பெராக்சைடு கொடுத்தார். ஈறு ஆறியதோடு பல்லும் வெளுத்தது. 10 விழுக்காடு கரைசலை இரவில் அச்சுத் தட்டில் ஊற்றி அணியும் முறையை ஹேவுட், ஹேமன் இருவரும் 1989இல் ஆய்விதழில் பதிவு செய்தனர். இதில் வெளிவருவது சுமார் 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. பல்லில் எதையும் அராவுவதில்லை. சில நாள் பல்கூச்சம் வரலாம், பிறகு தணிந்துவிடும்.

ஃப்ளூரைடின் கொடுமையை இந்தியாவில் முதலில் விரிவாக எழுதியது சென்னையில்தான். கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டதை 1937இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரிலும், அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஃப்ளூரைடு பல ஊர்களில் இருந்தது. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. ஆனால் எனாமல் உருவாவது குழந்தைப் பருவத்தில். அப்போது விழுந்த கறை பின்னர் நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் அந்த ஊர்ப் பெண்ணுக்கு இந்தச் சிகிச்சையை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக் கூடாது. மங்கிய வெண் திட்டுகளுக்கு அமிலத் தேய்ப்பும் ப்ளீச்சிங்கும் போதும். 2009இல் சந்தைக்கு வந்த நீர்மப் பிசின் ஊடுருவல் முறையும் உண்டு. குழி விழுந்த பழுப்புக் கறைக்குத்தான் பாண்டிங்கோ வெனீரோ தேவைப்படுகிறது. ஃப்ளூரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் கரையாது. அதனால் அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கிறது.

மீண்டும் அரம்

2002இல் எடெல்ஹோஃப், சோரென்சன் இருவரும் மாதிரிப் பற்களை அராவுவதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டு ஒரு கணக்கு வெளியிட்டனர். வெனீருக்காக அராவும்போது ஈறுக்கு மேலுள்ள முன்பல்லில் 3 முதல் 30 விழுக்காடு போகிறது. முழுக் கேப்புக்கு 63 முதல் 72 விழுக்காடு. 1903க்கும் 1983க்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தின் முழு அளவும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

ஆயினும் இதற்குப் பின்னரே முழுக் கேப் மீண்டும் அழகு சிகிச்சைக்குள் நுழைந்தது. சூரிக் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய கணினிவழிக் கடைசல் முறையும், சிர்கோனியா என்ற மிக வலுவான பீங்கானும் சேர்ந்து, 20 கேப்புகளைச் சில நாட்களில் செய்து முடிப்பதைச் சாத்தியமாக்கின. சிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அதை அரிப்பதில்லை. பிடிப்புக்குப் பெரும்பாலும் லேண்ட் காலத்து வழியையே, அதாவது அராவிய பல்லின் வடிவத்தையே, நாட வேண்டியிருக்கிறது. தெத்துப் பல்லுக்கு ஒன்றரை ஆண்டு கிளிப் போடுவதைவிட, அராவிக் கேப் மாட்டுவது விரைவானது, வருமானமும் கூடுதல். பிரிட்டனிலிருந்து துருக்கிக்கு மலிவான சிகிச்சைக்குச் சென்ற இளைஞர்கள் பலர், வெனீர் என்ற பெயரில் கேப் போட்டுத் திரும்பினர்; முளைக்குச்சியாக அராவப்பட்ட அவர்களுடைய பற்களின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கம் இதை எதிர்த்து வெளிப்படையாக எச்சரித்தது. 20 வயதில் இப்படி அராவப்பட்ட பல்லில் நரம்பு செத்து வேர் சிகிச்சை தேவைப்படலாம். கேப்பை வாழ்நாளில் பலமுறை மாற்றவும் வேண்டிவரும்.

ஆரோக்கியமான பல்லை நிறத்துக்காக மட்டும் கேப்புக்கு அராவுவது, போனகோருக்குப் பிறகு மருத்துவ நியாயம் இழந்த செயல் என்பதே என் முடிவு. பெரிய சொத்தை, வேர் சிகிச்சை செய்த பல், பாதிக்கு மேல் உடைந்த பல் என்றால் கேப் தேவைதான். மற்றபடி முன்பற்களை அழகாக்கப் போகிறவர்கள் நாற்காலியில் சாய்வதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: ப்ளீச்சிங்கிலேயே முடியுமா, போடப்போவது வெனீரா கேப்பா, என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் போகும், மாதிரி வைத்துக் காட்டுவீர்களா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பல்லைக் கொடுக்காதீர்கள்.