பகுதி முழங்கால் மாற்று: ஆயுளைப் படத்தில் கணித்தல்

முழங்கால் மூட்டில் தேய்ந்துபோன ஒரு பக்கத்துக்கு மட்டும் உலோகமும் பாலிஎத்திலீனும் பொருத்தி, மறுபக்கத்தையும் சிலுவைத் தசைநார்களையும் அப்படியே விட்டுவைக்கும் அறுவை சிகிச்சை பகுதி முழங்கால் மாற்று எனப்படுகிறது. பெரும்பாலும் உட்பக்கமே மாற்றப்படும். பொருத்தியது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை முதல் ஓரிரு ஆண்டுப் படங்களைக் கொண்டே கணிக்கும் முறை, ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தது.

1974இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யோரான் செல்விக் தம் ஆய்வேட்டில் ஒரு வழி காட்டினார். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள டாண்டலம் மணிகளை எலும்புக்குள் பதித்து, இரு எக்ஸ்ரே குழாய்களால் ஒரே நேரத்தில் படமெடுத்தால், செயற்கை உறுப்பு நகர்ந்த தூரத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நுட்பத்துடன் அளக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. 1995இல் லெய்ஃப் ரிட்டும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கணிப்புக் கருவியாக்கினர். எந்த உறுப்பும் முதலில் சற்று இறங்கி அமரும். முதலாம் ஆண்டுக்குப் பிறகும் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் பின்னாளில் ஆட்டம் காணும். அந்த ஆய்வு முழு மூட்டு மாற்றையும் உள்ளடக்கியது. பகுதி மாற்றை அளப்பவர்களும் இன்று இதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்ஃபெல்லோவும் ஜான் ஓ'கானரும் உருவாக்கிய, நகரும் பாலிஎத்திலீன் தகடு கொண்ட மூட்டு 1982 முதல் பகுதி மாற்றாகப் பயன்பட்டது. ஸ்வீடனில் அதைப் பொருத்திக்கொண்டவர்களில் 20 ஆண்டுக்குப் பின்னும் 91 விழுக்காடு மூட்டுகள் நிலைத்திருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் தேசியப் பதிவேடுகளில் பகுதி மாற்றுக்கு மறு அறுவை விகிதம் முழு மாற்றைவிட அதிகம். இந்த முரணுக்கு ஒரு காரணம் படத்திலேயே இருக்கிறது. சிமெண்ட் வைத்த கீழ்த்தகட்டுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கறுப்புக் கோடு பெரும்பாலோரின் படத்தில் தெரியும். 1984இலேயே ஆக்ஸ்ஃபோர்டு குழு இதை ஆராய்ந்தது. அடர்ந்த வெள்ளை விளிம்புடன், வளராமல் நிற்கும் கோடு தீங்கற்றது. தடித்துக்கொண்டே போவதுதான் தளர்வு. இதை அறியாதவர் நல்ல மூட்டையே பிரித்துவிடக்கூடும். எக்ஸ்ரே கதிர் கீழ்த்தகட்டின் தளத்துக்கு இணையாக விழாவிட்டால் அந்தக் கோடே மறைந்துவிடும். அதனால் ஃப்ளூரோஸ்கோப்பில் பார்த்துச் சரிசெய்தபின் படமெடுப்பது முக்கியம். கதிரைச் சரியாக வைக்காமல் எடுத்த படத்திலிருந்து எந்தக் கணிப்பும் பிறக்காது என்பதை இந்தத் துறை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பின்னர் வந்த சிமெண்ட் இல்லாத வகையில் இக்கோடுகள் வெகுவாகக் குறைந்தன. முதல் சில மாதங்களில் அது சற்றுக் கூடுதலாக இறங்கினாலும் பிறகு நிலைத்துவிடுவதை இதே இரட்டை எக்ஸ்ரே முறை காட்டியது. பாலிஎத்திலீன் தகட்டின் தேய்மானமும் இவ்வாறே அளக்கப்பட்டது: ஆண்டுக்கு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்குகள் பெரும்பாலும் நாற்காலியில் அமரும் மக்களிடம் எடுக்கப்பட்டவை. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து மிதிகளை மாறிமாறி அழுத்துகிறார். வீட்டில் தரையில் சம்மணமிட்டு உண்கிறார். முழங்காலை ஆழ மடக்கும் பழக்கமுள்ள கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பாலிஎத்திலீன் தகடு இடம் பெயரும் நிகழ்வுகள் அதிகமாகப் பதிவாகியுள்ளன. ஐரோப்பிய எண்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது பிழை. நம் மக்களின் முழங்காலில் எடுத்த தொடர் படங்கள் வேண்டும்.

அதற்கு இப்போது வழி எளிதாகியிருக்கிறது. மணி பதிக்காமலே, உறுப்பின் வடிவத்தைக் கணினியில் பொருத்தி நகர்வை அளக்கும் முறையை நெதர்லாந்தின் லைடனில் உருவாக்கினர். இரட்டை எக்ஸ்ரே அறைக்குப் பதில் சி.டி. ஸ்கேனையே பயன்படுத்தும் முறையும் வந்துவிட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை சி.டி. கருவி பரவிய தமிழ்நாட்டுக்கு இது பொருத்தமானது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில் அமையும் மருத்துவக் கருவிப் பூங்கா 2021இல் ஒன்றிய அரசின் திட்டத்துக்குத் தேர்வானது. அங்கே முழங்கால் உறுப்புகள் செய்யப்படுமானால், விற்பனைக்கு முன் சில பத்து நோயாளிகளிடம் இரண்டாண்டு நகர்வை அளந்து பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்திவிட்டுப் பத்தாண்டு காத்திருந்து தெரியவரும் குறையை, அந்தச் சிறு சோதனை முன்கூட்டியே காட்டிவிடக்கூடும்.