ஐந்து திர்ஹம் அங்கியும் ஆயிரம் திர்ஹம் போர்வையும்

பெருநாள் நெருங்கும்போதும், வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமாகும்போதும், நம் குடும்பங்களில் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு. எந்த ஆடைக்குத் தாராளமாகச் செலவிடுவது, எதில் கையை இறுக்குவது என்பதே அது. இவ்வினாவுக்கு மார்க்கத்தின் பெயரால் விடை சொல்வோர் இரு சாரார். ஒரு சாரார், கலீபா உமர் (ரலி) அவர்களின் ஒட்டுப்போட்ட உடையை எடுத்துக்காட்டி, நல்ல துணி வாங்குவதே வீண் என்பர். மறு சாரார், அல்லாஹ் அருளிய நிஃமத்தின் அடையாளம் அடியானிடம் தெரியவேண்டும் என்ற ஹதீஸைச் சொல்லிக்கொண்டே கடைக்குள் நுழைந்து, கடனோடு வெளியே வருவர். இருவருமே சான்றில் பாதியைத்தான் படித்தவர்கள். இஸ்லாத்தின் முதல் தலைமுறையினர் எந்த ஆடைக்கு அதிக விலை கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்ற செய்திகள் ஹதீஸ் நூல்களிலும், ‘தபகாத்’ எனப்படும் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

முதலில் அக்காலத்தின் நிலையை உணர்ந்துகொள்ள வேண்டும். மதீனாவில் துணி அரிதான பொருள். யமனிலிருந்தும், ஷாமிலிருந்தும், எகிப்திலிருந்தும், பஹ்ரைன் கரையிலிருந்தும் அது ஒட்டகங்களில் வந்து சேரவேண்டும். ஒரே ஆடையில் தொழலாமா என்று ஒருவர் வினவியபோது, உங்களில் எல்லோரிடமும் இரண்டு ஆடைகள் இருக்கின்றனவா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டதாக சஹீஹ் புகாரியில் வருகிறது. இடுப்பில் ஒரு கீழாடை, தோளில் ஒரு மேலாடை என்ற இரண்டும் உடையவர் வசதியுடையவராகக் கருதப்பட்ட காலம் அது.

விலைகளுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்ப, அவர் அதே தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை வழியிலேயே ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஆட்டையும் தீனாரையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தீனார் என்பது சுமார் 10 முதல் 12 திர்ஹம். ஆகவே ஐந்தாறு திர்ஹத்துக்கு ஓர் ஆடு கிடைத்தது எனலாம். வெள்ளிக்கு ஜகாத் கடமையாகும் நிஸாப் அளவோ 200 திர்ஹம். இவ்விரு கணக்குகளையும் மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அங்கியைப் பற்றியது. பிற்காலத்தில் ஒருநாள் அன்னையாரைக் காணச் சென்ற அய்மன் என்பவர், அவர்கள் ‘கித்ர்’ என்னும் முரட்டுத் துணியாலான அங்கியை அணிந்திருக்கக் கண்டார். அதன் விலை ஐந்து திர்ஹம். அன்னையார் தம் பணிப்பெண்ணைச் சுட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுத்தக்கூட நாணுகிறாள். பெருமானார் காலத்தில் இத்தகைய அங்கி என்னிடம் ஒன்று இருந்தது, மதீனாவில் எந்தப் பெண்ணை மணக்கோலம் செய்வித்தாலும் அதை இரவல் கேட்டு என்னிடம் ஆளனுப்பாமல் இருந்ததில்லை என்று கூறினார்கள். இமாம் புகாரி அவர்கள் இந்தச் செய்தியை அன்பளிப்புகள், இரவல்கள் பற்றிய பகுதியில், மணமகளுக்காக இரவல் வாங்குதல் என்ற தலைப்பின்கீழ் வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆட்டின் விலையுள்ள ஓர் அங்கி, ஊரின் மணப்பெண்களுக்கெல்லாம் மணவாடையாக இருந்திருக்கிறது. இரவல் கேட்டவர்கள் வெட்கப்படவில்லை. கொடுத்தவர்களும் அதைப் பெருமையாகக் கருதவில்லை. இன்று நம் இல்லங்களில் வாங்கும் ஆடைகளிலேயே மிகுந்த விலையுள்ளது திருமணப் புடவைதான். அதுவே மிகக் குறைந்த நாள்கள் உடுத்தப்படுவதும் ஆகும். ஒரு பொழுது உடுத்தி, மடித்து, பெட்டிக்குள் வைத்து, மடிப்பிலேயே சரிகை கறுத்து இற்றுப்போகும் அந்தப் புடவைக்காகத் தகப்பன்மார் பட்ட கடனை நான் அறிவேன். அக்காள் கட்டிய புடவையைத் தங்கை கட்டினால் ஊரார் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறார்கள். மதீனாவின் ஊரார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சஹீஹ் புகாரி சாட்சியாக இருக்கிறது.

அங்ஙனமாயின் விலையுயர்ந்த ஆடையே கூடாது என்பதா? இல்லை. வேலை செய்யும் ஆடைகள் தவிர, ஜும்ஆவுக்கென இரண்டு ஆடைகளைத் தனியே வைத்துக்கொள்வதில் ஒருவருக்கு என்ன சிரமம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டதை அபூதாவூதும் இப்னு மாஜாவும் அறிவிக்கிறார்கள். உழைக்கும் உடை வேறு, சபைக்குச் செல்லும் உடை வேறு என்ற பாகுபாடு இங்கே தெளிவாகிறது.

மஸ்ஜிதின் வாசலில் கோடிட்ட பட்டாடை ஒன்று விலைக்கு வந்திருப்பதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், ஜும்ஆ நாளிலும் தூதுக்குழுவினர் வரும்போதும் அணிவதற்காக அதை வாங்கிக்கொள்ளலாமே என்று பெருமானாரிடம் எடுத்துரைத்தார்கள். அது பட்டு என்பதால் பெருமானார் மறுத்துவிட்டார்கள். மறுக்கப்பட்டது பட்டே தவிர, ஜும்ஆவுக்கும் விருந்தினருக்கும் நன்றாக உடுத்தவேண்டும் என்ற எண்ணத்தைப் பெருமானார் ஒரு சொல்லாலும் மறுக்கவில்லை என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவர். பின்னர் அதே வகைப் பட்டாடைகள் வந்தபோது ஒன்றை உமர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் அனுப்ப, அவர் அதை மக்காவில் அதுவரை இஸ்லாத்தைத் தழுவாதிருந்த தம் சகோதரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

பட்டு பற்றிய இந்த விலக்கு நெசவுத் தொழிலிலேயே ஒரு வகையைத் தோற்றுவித்தது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். பாவு பட்டாக இருந்து ஊடை பருத்தியாக இருந்தால் ஆண்கள் அணியலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபிலோ பட்டின் எடை மிகுதியாக இருந்தால் கூடாது. குஜராத்தின் பாட்டன் நகரில் நெய்யப்படும் ‘மஷ்ரூ’ என்னும் துணியில் பட்டு வெளிப்புறம் பளபளக்கும். உடலைத் தொடும் உட்புறம் பருத்தியாக இருக்கும். ஷரீஅத்தில் அனுமதிக்கப்பட்டது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே அத்துணிக்குப் பெயராயிற்று.

பெருமானாரிடம் விலையுயர்ந்த மேலங்கி ஒன்று இருக்கவே செய்தது. கிஸ்ராவின் நாட்டுப் பாணியில் அமைந்த அந்த ஜுப்பாவின் கழுத்திலும் திறப்புகளின் ஓரங்களிலும் பட்டுக் கரை தைக்கப்பட்டிருந்தது. தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போதும் ஜும்ஆ நாளிலும் பெருமானார் அதை அணிந்தார்கள் என்று இமாம் புகாரியின் ‘அல்அதபுல் முஃப்ரத்’ கூறுகிறது. பெருமானார் ஹிஜ்ரி 11-ல் மறைந்தபின் அது அன்னை ஆயிஷாவிடம் இருந்தது. ஹிஜ்ரி 58-ல் அன்னையாரும் மறைந்தபின் அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் வந்தது. நோயாளிகளுக்காக அதைக் கழுவி அந்த நீரைக் கொடுத்து வந்ததாக அஸ்மா அவர்களே சொன்னதை சஹீஹ் முஸ்லிமில் காணலாம். அரை நூற்றாண்டு கடந்தும் கழுவத் தாங்கியது அந்த ஆடை. அதே வீட்டில் அன்றாடம் உடுத்தியவை எவ்வாறிருந்தன? ஒட்டுப்போட்ட தடித்த போர்வை ஒன்றையும் முரட்டுக் கீழாடை ஒன்றையும் எடுத்துக்காட்டி, இவ்விரண்டிலேயே பெருமானாரின் உயிர் பிரிந்தது என்று அன்னையார் கூறினார்கள். சபைக்கு ஒன்று சிறந்ததாக, வீட்டுக்கு மற்றவை எளியனவாக இருந்தன என்பதே இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் உண்மை.

சிறந்தது என்றால் பூவேலைப்பாடு மிக்கது என்று கொள்ளலாகாது. அபூஜஹ்ம் (ரலி) கொடுத்த, கோலங்கள் நெய்த போர்வையை அணிந்து தொழுத பெருமானார், அதன் கோலங்கள் கவனத்தை ஈர்த்ததால், தொழுகை முடிந்ததும் அதைத் திருப்பியனுப்பி, அவரிடமிருந்த கோலமில்லாத தடித்த போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். துணியின் தரத்துக்குக் கொடுக்கும் விலை ஒன்று. பிறர் கண்ணை இழுக்கும் அலங்காரத்துக்குக் கொடுக்கும் விலை வேறொன்று. இன்றும் கடைக்காரர் நம்மிடம் மிகுதியாகப் பெறுவது இரண்டாவதற்கே.

இனி ஆயிரம் திர்ஹம் போர்வைக்கு வருவோம். பாலஸ்தீனத்து லக்ம் கோத்திரத்தைச் சேர்ந்த தமீமுத்தாரீ (ரலி) அவர்கள் கிறிஸ்தவராக இருந்து ஹிஜ்ரி 9-ல் இஸ்லாத்தைத் தழுவியவர். உமர் (ரலி) அவர்கள் ரமளான் இரவுத் தொழுகையை ஒரே ஜமாஅத்தாக ஒழுங்குபடுத்தியபோது, இமாமாக நிற்க உபைய் இப்னு கஅப் (ரலி) அவர்களோடு இவரையும் நியமித்தார்கள் என முஅத்தாவில் உள்ளது. இவர் 1,000 திர்ஹம் கொடுத்து ஓர் ஆடை வாங்கினார். நிஸாபைப்போல் ஐந்து மடங்கு! அதைத் தொழுகைக்காக அணிந்தார் என்று ஓர் அறிவிப்பும், லைலத்துல் கத்ர் என எதிர்பார்க்கப்படும் இரவில் அணிந்தார் என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. எவ்வாறாயினும், வாழ்நாளில் தாம் கொடுத்த மிகப் பெரிய துணி விலையை அவர், பெரும்பாலான மனிதர் உறங்கும் வேளைக்காகக் கொடுத்தார். நம்மில் பலர் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் போய்விட்டு, சுப்ஹுக்கு இரவு உறங்கிய பனியனோடும் சாயம்போன கைலியோடும் நிற்பதை நினைக்கும்போது இந்தச் செய்தி சற்றே உறுத்துகிறது.

உமர் (ரலி) அவர்களின் ஒட்டுத் துணியும் உண்மையே. அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்தபோது, தோள்களுக்கிடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருக்கக் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிப்பது முஅத்தாவில் இருக்கிறது. ஆனால் அதே முஅத்தாவின் அதே ஆடைப் பகுதியில், குர்ஆன் ஓதுபவரை வெண்ணிற ஆடையில் காண்பது தமக்குப் பிரியமானது என்றும், அல்லாஹ் உங்களுக்கு விசாலமாகத் தரும்போது நீங்களும் விசாலமாக நடந்துகொள்ளுங்கள் என்றும் அதே உமர் (ரலி) கூறியிருப்பதை ஏன் எவரும் எடுத்துச் சொல்வதில்லை? ஒட்டு, பொதுக் கருவூலத்தின் பொறுப்பைச் சுமந்த ஆட்சியாளர் தமக்கு விதித்துக்கொண்டது. அதைப் பிறர்மேல் அவர் சுமத்தவில்லை. இதுபோன்றே உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களும் ஹிஜ்ரி 99-ல் கலீபா ஆகும்வரை உயர்ந்த ஆடைகளை அணிந்து, பதவி ஏற்றபின் மலிவான துணிக்கு மாறினார்கள். நோயுற்றிருந்தபோது சட்டையைத் துவைத்துப் போடும்படி மனைவி ஃபாத்திமாவிடம் சொல்லப்பட, மாற்றுவதற்கு வேறு சட்டை இல்லை என்று அவர் கூறியதாக வரலாறு.

கல்விச் சபைகளின் வழக்கம் வேறாக இருந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் சொல்ல அமரும்முன் குளித்து, நல்லாடை உடுத்தி, நறுமணம் பூசிக்கொள்வார்கள். கூஃபாவில் துணி வணிகராக இருந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் ஒரு பெண் ஆடை ஒன்றை விற்கக் கொண்டுவந்து நூறு கேட்டாள். இது அதற்கு மேல் பெறும் என்றார் இமாம். அவள் நூறு நூறாக உயர்த்தி நானூறு வரை வந்தும் அதையே சொன்னார். பரிகாசம் செய்கிறாரோ என்று அவள் ஐயுற, விலை மதிக்க ஓர் ஆளை அழைத்துவரச் செய்து, முடிவில் ஐந்நூறுக்கு வாங்கிக்கொண்டார். துணியின் உண்மையான மதிப்பை அறிந்தவர்தான் அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லமுடியும். அத்தகைய அறிவு நம் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் இருந்தது. விரலிடுக்கில் தேய்த்தே நூலின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களின் பழக்கத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். குளிர்காலத்துக்கு 50 தீனார் பெறுமானமுள்ள ‘கஸ்’ போர்வை ஒன்றை அணிவார்கள். கோடை வந்ததும் அதைத் தர்மம் செய்துவிடுவார்கள், அல்லது விற்று அந்தப் பணத்தைத் தர்மம் செய்வார்கள். ஒரு பருவத்தோடு கைவிடுவது வீண்செலவு போலத் தோன்றலாம். ஆயின் அந்தப் போர்வையோ அதன் விலையோ அடுத்துப் போய்ச் சேர்ந்தது ஓர் ஏழையின் கைக்கு என்பதால் அதை வீண் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை.

ஹிஜ்ரி 13-ல் அபூபக்ர் (ரலி) அவர்கள் மரணப்படுக்கையில் இருந்தார்கள். பெருமானாரை எத்தனை துணிகளில் கஃபனிட்டீர்கள் என்று மகளார் ஆயிஷாவிடம் கேட்டார்கள். யமனின் ஸஹூலில் நெய்த மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில் என்று விடை வந்தது. அபூபக்ர் (ரலி) அவர்கள், நோயில் தாம் உடுத்தியிருந்த ஆடையைக் குனிந்து பார்த்தார்கள். அதில் குங்குமப்பூவின் கறை இருந்தது. இதைக் கழுவி, இதனோடு இன்னும் இரண்டு துணிகளைச் சேர்த்து எனக்குக் கஃபனிடுங்கள் என்றார்கள். இது பழையதாயிற்றே என்றார் மகளார். புதியது இறந்தவரைவிட உயிரோடிருப்பவருக்கே அதிகம் தேவை என்று தந்தையார் விடையிறுத்தார்கள். செவ்வாய் இரவு அவர்கள் உயிர் பிரிந்தது. விடியுமுன் அடக்கமும் முடிந்துவிட்டது.